தலைவர் இரவல் வாங்கக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

இன்றைய தவறு: ஆண்டுப் பொதுக்குழு அறிவிப்பில் தலைவர் பெயருக்குக் கீழே மூன்று வெற்றுக் கோடுகள் போட்டுவிட்டேன்.

மாலை வகுப்பில் அலுவலக நிர்வாகப் பாடம் நடத்துபவர், நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் அன்றைய தவறை முதலில் எழுதிவிட வேண்டும், மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன். எனக்குத் தவறுக்குப் பஞ்சமில்லை.

கோடு போட்டதில் என்ன தவறு என்று எழுத வேண்டுமானால் எங்கள் கருவிச் சங்கத்தைப் பற்றி எழுத வேண்டும். சங்கம் எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய கார் கொட்டகையில் இருக்கிறது. உறுப்பினர் யாரும் டிரில் மெஷின், ரம்பம், இழைப்புளி, கைவண்டி என்று எதை வேண்டுமானாலும் இரவல் வாங்கிப் போகலாம். வேலை முடிந்ததும் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கருவியின் உருவமும் அது தொங்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருக்கும். கருவி வெளியே போனால் சுவரில் அதன் நிழல் மட்டும் நிற்கும். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடலாம். ஏணியின் நிழலை மட்டும் நான் ஏணியோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஏணி பிளம்பர் அண்ணன் வீட்டில் குடியிருக்கிறது.

தலைவர், என் அத்தை. டைல்ஸ் கடையில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அத்தை வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். பழைய செயலாளர் வீடு மாறிப் போனதும், "எம் மருமகன் ராத்திரியெல்லாம் ஏதோ எழுதிட்டே இருக்கான், இதையும் எழுதட்டும்" என்று அத்தை என்னைச் செயலாளராக்கிவிட்டாள்.

தலைவர் தேர்வு எங்கள் சங்கத்தில் நடக்கிற விதம் இது. அத்தை எழுந்து, "எனக்கு வேண்டாம், வேற யாரையாவது போடுங்க" என்பாள். பிளம்பர் அண்ணன் எழுந்து அத்தையைப் புகழ்ந்து பேசுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். அத்தை உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டாள் என்று கணக்கு. உட்காரும்வரை தட்டுவார்கள். எத்தனை வருடமாக இப்படி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அதனால் அறிவிப்பில் தலைவர் என்று போட்டு அத்தை பெயரை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த மாதிரிப் படிவத்தைப் பார்த்து நான், போட்டியிடுவோர் பெயர் எழுத மூன்று கோடும் போட்டு, கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டேன். ஒட்டும்போது அழகாகத்தான் இருந்தது.

மார்ச் 5, வியாழன்

இன்றைய தவறு: கடையில் ஒரு வெள்ளை டைல்ஸைக் கீழே போட்டு உடைத்தேன். அதற்குக் காரணம் நேற்று முன்தினத்துத் தவறு.

காலையில் கடை திறந்ததும் பிளம்பர் அண்ணன் வந்தார். வாடிக்கையாக வருகிறவர்தான். ஆனால் இன்று எதையும் கேட்கவில்லை. கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து என் காதருகே குனிந்தார்.

"தம்பி, யாரு நிக்கறா?"

"எங்கண்ணே?"

"எங்கயா? அக்காவுக்கு எதிரா! கோடு போட்டிருக்கியே, சும்மாவா போடுவ?"

"அது படிவம்ணே. வகுப்புல அப்படித்தான் போடச் சொல்லியிருக்காங்க."

"படிவமாம் படிவம். இத்தனை வருஷமா அக்கா பேருக்குக் கீழே என்ன இருந்துச்சு? ஒண்ணும் கிடையாது. சுத்தமான வெள்ளைக் காகிதம். நீ வந்ததும் மூணு கோடு! மூணு பேரு நிக்கறாங்களா?"

"யாருமே நிக்கலண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நீ நிக்கறியா?" என்றார்.

அப்போதுதான் டைல்ஸ் கையைவிட்டுப் போனது.

"பாத்தியா, பதறுற! சோறு போட்ட அத்தைக்கே குழி பறிக்கிறியா? நாக்கு மேல பல்லுப் போட்டு யாராவது அக்காவப் பத்திப் பேசட்டும், அப்புறம் இருக்கு." மூச்சு வாங்கியது அவருக்கு. "இந்தத் தடவை என் பேச்சு இரண்டு பக்கம். எழுதியே வெச்சிருக்கேன்."

மாலையில் வகுப்புக்குப் போகும் வழியில் தையல்கார அக்கா பிடித்துக்கொண்டார். முனையில் சின்னக் கடை வைத்திருக்கிறார். சங்கத்தில் செயற்குழு உறுப்பினர். பேசும்போதும் வாயில் குண்டூசி இருக்கும். "மூணு கோட்டுல ஒண்ணு உனக்காமே? மத்த ரெண்டு யாருக்குத் தம்பி?" என்றார். நான் படிவத்தை விளக்கினேன். "சரி சரி, நம்பிட்டேன்" என்று அவர் சொன்ன விதத்தில் நம்பிக்கை துளியும் இல்லை.

வகுப்பு முடிந்து வந்ததும் கொட்டகைக் கதவைப் போய்ப் பார்த்தேன். முதல் கோட்டில் யாரோ பென்சிலால் "யார்?" என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கோட்டில் வேறு கையெழுத்தில், "அதானே?"

புது அறிவிப்பு ஒன்றைக் கோடு இல்லாமல் எழுதிக்கொண்டு சமையலறைக்குப் போய் அத்தையிடம் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை. நாளைக்குக் காலையில பழசக் கிழிச்சிட்டு இத ஒட்டிடறேன்."

"கிழிச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

எனக்குப் புரியவில்லை. அத்தை கத்தியைக் கீழே வைத்தாள். சமையலறைக் கதவை முக்கால் சாத்தி, அதன் பின்னால் இருந்த மூலையைக் காட்டினாள். அந்த மூலையில் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரமாக நிற்கும். ஒன்றை எடுத்தால் நாலு விழும்.

"இந்த மூலை கோணல். மேல அகலம், கீழ ஒடுக்கம். கடையில எந்த அலமாரி வாங்கினாலும் உள்ள போகாது. அளந்துதான் செய்யணும்." கோபுரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு அட்டையை உருவினாள். நான் கடையிலிருந்து கொண்டுவந்த டைல்ஸ் பெட்டிகளின் அட்டை. அந்த மூலையின் கோணலுக்கு ஒத்தபடி வெட்டி, தட்டுத் தட்டாக எண் போட்டிருந்தாள். ஒன்றை எடுத்து மூலையில் பொருத்திக் காட்டினாள். இடுக்கில்லாமல் உட்கார்ந்தது.

"நீங்களே வெட்டினதா?"

"பின்ன உங்க மாமாவா? இந்த வீட்டுல மொத்தம் ஒரே ஒரு ஆணி. அதையும் அவர் சாய்ச்சு அடிச்சிருக்கார்."

முன்னறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "சுவர் சாய்வுடி. ஆணி நேராத்தான் இருக்கு."

"மரம் அறுத்து, துளை போட்டு, ரசமட்டம் வெச்சு, நானே என் கையால செய்யணும்டா" என்றாள் அத்தை. "ஊருல இருக்கிற எல்லார் வீட்டுக்கும் நம்ம டிரில் மெஷின் போயிருக்கு. அதத் துடைச்சு மாட்டறது நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அத ஓட்டிப் பாத்ததில்ல."

அப்போதுதான் விதி எனக்கு ஞாபகம் வந்தது. தலைவர் இரவல் வாங்கக் கூடாது. சங்கத்தின் முதல் தலைவர் தானே கேட்டுப் பதவி வாங்கியவர். வாங்கிய கையோடு நல்ல டிரில் மெஷினைத் தன் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்த வருடம் முழுக்க அது வெளியே வரவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்த விதியைக் கொண்டுவந்தவள் அத்தை. கொண்டுவந்தவளையே தலைவராகவும் போட்டுவிட்டார்கள்.

"விதிய மாத்திடலாமே அத்தை. நான் தீர்மானம் எழுதறேன்."

"என் வாயால போட்ட விதிய என் அலமாரிக்காக நானே மாத்தறதா? அப்புறம் வெளியில தலைகாட்ட முடியுமா?"

"அப்ப தலைவர் வேண்டாம்னு கறாரா சொல்லிடுங்க."

அத்தை என்னைப் பாவமாகப் பார்த்தாள். "வருஷா வருஷம் சொல்றேன். போன வருஷம் கண்ணீரே வந்துடுச்சு எனக்கு. ஆனந்தக் கண்ணீர்னு சொல்லி அந்தப் பிளம்பர் பய இன்னும் சத்தமாத் தட்டறான். வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி என் வேண்டாமுக்கு மதிப்பே போச்சுடா."

நான் யோசித்தேன். எனக்கு யோசிப்பது சத்தமாகத்தான் வரும். அது ஒரு கெட்ட பழக்கம். "வேண்டாம்னா கைதட்டறாங்க. வேணும்னு சொன்னா என்ன பண்ணுவாங்களோ" என்று முணுமுணுத்தேன்.

அத்தை மறுபடி எடுத்த கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

மார்ச் 7, சனி

இன்றைய தவறு: வகுப்பில் கேள்வி கேட்கக் கை தூக்கிவிட்டு, கேட்காமலே இறக்கிவிட்டேன்.

கேட்க நினைத்தது இது. செயலாளர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. தலைவர் விலக ஆசைப்படுவது செயலாளருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? பாடத்தில் இதற்குப் பதில் இல்லை. கேட்டால், "அப்படி எங்கே நடக்கும்?" என்பார் என்று தோன்றியது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. மாலையில் கொட்டகையைப் பெருக்கப் போனபோது அத்தை ஒவ்வொரு கருவியாக எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த ரம்பத்தை அதன் நிழல்மீது மாட்டிவிட்டு, விளிம்பு சேர்கிறதா என்று ஒரு அடி பின்னால் வந்து பார்த்தாள். வீட்டில் அவள் அப்படி எதையும் பார்த்து நான் கண்டதில்லை. இந்தக் கொட்டகையிலிருந்து அவளைக் கழற்றிவிட உதவுவது அவளுக்கு நல்லதுதானா? அலமாரி ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம்?

அவளிடமே கேட்டுவிட்டேன். "அப்புறம் கட்டில்" என்றாள் அத்தை, திரும்பிப் பார்க்காமல். "அதுக்கப்புறம் மாமாவோட ஆணிய நேராக்கணும்."



மார்ச் 8, ஞாயிறு

இன்றைய தவறு: வாக்கெடுப்பில் எல்லார் கையையும் எண்ணிவிட்டு என் கையைத் தூக்க மறந்துவிட்டேன்.

கூட்டம் பிற்பகலில். கொட்டகையில் நாற்காலி போதாமல் சிலர் கைவண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்கள். கோடு போட்ட செய்தி பரவியிருந்ததால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். பிளம்பர் அண்ணன் சட்டைப்பையில் இரண்டு பக்கம் மடித்து வைத்து, முன்வரிசையில் என்னை முறைத்தபடி இருந்தார்.

வரவேற்பும் ஆண்டறிக்கையும் முடிந்தன. "அடுத்த பொருள், தலைவர் தேர்வு" என்றேன். சலசலப்பு அடங்காததால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அத்தை எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள்ளேயே பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்து, பக்கத்திலிருந்தவர் தடுத்து, சிரிப்பு எழுந்தது. அத்தை காத்திருந்தாள்.

"இந்த வருஷமும் தலைவர் பதவி எனக்கு வேணும்" என்றாள்.

தட்டத் தயாராயிருந்த கைகள் அப்படியே நின்றன.

"கண்டிப்பா வேணும். வேற யாருக்கும் குடுக்காதீங்க. நான்தான் இருப்பேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிளம்பர் அண்ணன் பாதி எழுந்திருந்தார். கையில் இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. முதல் வரி, "அக்கா, நீங்க இப்படிச் சொல்லலாமா" என்று ஆரம்பிக்கும். எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், காகிதத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆச்சு அக்காவுக்கு?" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"வேணும்னு கேக்கறாங்களே!"

"கேட்டு வாங்கினவர் ஒருத்தர் இருந்தாரே, கட்டிலுக்கடியில..."

தையல்கார அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. வேணும்னு கேக்கறவங்களுக்கு, அந்தக் கட்டில்காரருக்கு அப்புறம் நாம குடுத்ததில்ல. முத தடவை குடுத்துப் பட்டதே போதும்."

"அதுவும் நியாயம்தான்" என்றாள் அத்தை. குரல் ரொம்பவும் அடக்கமாக இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் எழுதிவைத்த வாக்கியத்தைச் சொன்னேன். "தலைவர் பொறுப்புக்கு வேறு எவரேனும் முன்மொழியப்படுகிறார்களா?" கதவில் என் மூன்று கோடுகள் காற்றில் படபடத்தன.

"நான் சொல்றேன்" என்றார் தையல்கார அக்கா. "பிளம்பரைப் போடலாம்."

"என்னது!" பிளம்பர் அண்ணன் முழுசாக எழுந்துவிட்டார். "எனக்கு வேண்டாம்பா!"

பின்வரிசையில் ஒரு கைதட்டல். அப்புறம் இரண்டு, பத்து. கைவண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் காலாலும் தட்டினார்கள்.

"ஏய், நான் நிஜமாத்தான் சொல்றேன். எனக்கு வேண்டாம்!"

இன்னும் பலத்த கைதட்டல். "பாருங்க, என்ன தன்னடக்கம்!" என்றது ஒரு குரல். அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. உட்கார்ந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் உட்காரவும் முடியவில்லை. "வேண்டாம்னா வேண்டாம்தான்யா! எத்தனை தடவை சொல்றது? காது கேக்கலையா ஒருத்தருக்கும்?"

"நானும் அப்படித்தான்டா சொன்னேன்" என்றாள் அத்தை.

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முன்வரிசை கேட்டுத் தட்டுவதை நிறுத்தியது. பின்வரிசை, முன்வரிசை நின்றதைப் பார்த்து நிறுத்தியது.

பிளம்பர் அண்ணன் திரும்பினார். "என்னக்கா சொல்றீங்க?"

"வருஷா வருஷம் எழுந்து நின்னு சொன்னேன். வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்டா."

"அப்ப போன வருஷம்... அந்தக் கண்ணீர்..."

"கை வலிக்காம தட்டறியேன்னு வந்த கண்ணீர்."

அண்ணன் குனிந்து அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தார். அப்படியே நாலாக, எட்டாக மடித்தார். "நான் உங்கள சந்தோஷப்படுத்தறதா நெனச்சுட்டு இருந்தேங்க்கா" என்றார்.

"சந்தோஷமாத்தான்டா இருந்துச்சு. அதான் உட்காந்து உட்காந்து தொலைச்சேன்" என்றாள் அத்தை. "ஆனா எனக்கு ஒரு அலமாரி செய்யணும்."

அட்டை வெட்டியதையும் மூலை கோணலையும் சொன்னாள். தலைவர் இரவல் வாங்கக் கூடாது என்று முடித்தபோது கொட்டகையே அந்தச் சுவரைப் பார்த்தது. அங்கே டிரில் மெஷின் பளபளவென்று தொங்கியது. அதற்குள் பின்வரிசையில் பழக்க தோஷத்தில் யாரோ, "அப்ப பிளம்பரையே போட்டுடலாம்" என்று மறுபடி தட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. "தட்டாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அண்ணனை நான் கேக்கறேன். அவர் என்ன சொல்றாரோ அத அப்படியே எழுதறேன். வேண்டாம்னா, வேண்டாம்னுதான் எழுதுவேன். அதுக்கப்புறம் யாரும் தட்டக் கூடாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். இந்த வாரம் முழுக்க முறைத்த பார்வை இல்லை.

"உங்களுக்கு வேணுமாண்ணே, வேண்டாமா?"

அவர் நிறைய நேரம் யோசித்தார். சங்கத்தில் ஒருவரைக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"வேண்டாம்னு எழுது" என்றார். நான் பேனாவைத் தாளில் வைத்தேன். "இரு, எழுதாதே. ஒரு வருஷம் பாக்கறேன். அக்கா அலமாரி செய்யட்டும். ஆனா அடுத்த வருஷமும் இதே மாதிரி கேக்கணும். நான் வேண்டாம்னா, அது வேண்டாம்தான். அதையும் சேத்து எழுது."

எழுதினேன். தையல்கார அக்கா முன்மொழிந்தார். அத்தை தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வழிமொழிந்தாள். சங்கத்தில் முதல் முறையாகக் கை தூக்கி வாக்கெடுத்தோம். எதிர்ப்பு இல்லை. புதுத் தலைவர் முதலில் பேசட்டும் என்றார்கள்.

"என்ன பேசறது? இருந்த பேச்செல்லாம் அக்காவப் பத்தி எழுதினது" என்றார் அண்ணன்.

"அத விடு. ஏணி எங்க?" என்றார் தையல்கார அக்கா.

அண்ணன் முகம் மாறியது. "ஐயோ, ஏணி!"

"தலைவர் இரவல் வாங்கக் கூடாது" என்று கொட்டகை முழுக்க ஒரே குரலில் சொன்னது.

"அது இல்லாம நான் எப்படிய்யா பொழைக்கறது?"

"கடையில விக்கறாங்க. போய் வாங்கு."

"நான் இரவல் வாங்கி உன்கூட வந்து பிடிச்சுக்கறேன்டா" என்றாள் அத்தை. விதிப்படி அது சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எல்லாரும் போனபின் நாற்காலிகளை அடுக்கினோம். அத்தை கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். மழை பெய்தால் பூட்டு இறுகும், சாவியைப் பாதி திருப்பி ஒரு அழுத்து அழுத்தணும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவர் பூட்டிக் காட்டினார். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்ததும் அத்தையின் கை பைக்குள் போய்த் துழாவியது. நின்றாள்.

"சாவியத் தேடறீங்களா அத்தை?"

"இல்லடா, கைக்குட்டை" என்றாள். கைக்குட்டை அவள் இடது கையில் இருந்தது. வீடு வரும்வரை அலமாரிக்கு எந்த மரம் நல்லது என்று பேசிக்கொண்டே வந்தாள்.

நாளை: வேலைக்குப் போகும் முன் பிளம்பர் அண்ணன் வீட்டுக்குப் போய், ஏணியோடு அவரையும் அழைத்துவந்து கொட்டகையைத் திறக்கச் சொல்லி, ஏணியைச் சுவரில் மாட்ட வேண்டும். பிறகு அத்தை பெயரில் இரவல் சீட்டு எழுதி, டிரில் மெஷினும் ரசமட்டமும் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.